பூந்திக்கொட்டையும் என் கணவருக்கு வராத சர்க்கரையும்

மைசூரில் சோப்பு விற்பவர்கள் எல்லாரும் கூடிப் பேசி ஒரே ஒரு ஆளை ஊரைவிட்டு அனுப்புவதென்று முடிவெடுத்திருந்தால், அது எங்கள் மாடி வீட்டுக்காரியாகத்தான் இருந்திருக்கும். மண்டி மொஹல்லாவில் எங்கள் சந்துக்குள் ஒரு ஷாம்பூ பாக்கெட் நுழைந்தால் போதும், முதலில் மாடியிலிருந்து அவள் மூக்கு இறங்கி வரும். பின்னாலேயே அவளும் வருவாள். துணிக்கு, தலைக்கு, பாத்திரத்துக்கு, தரைக்கு என்று எல்லாவற்றுக்கும் அவளிடம் இருந்த ஒரே சாமான் பூந்திக்கொட்டை. மூட்டையாக வாங்கி, ஊறவைத்து, கசக்கி நுரை எடுப்பாள். சந்தில் அவளுக்கு அதுவே பெயராகிவிட்டது. அது அவளுக்கும் தெரியும். "சோப்புன்னு பேரு வெக்காம உட்டாங்களே, அந்த மட்டும் சந்தோசமுங்கக்கா" என்பாள்.

ஹனூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். கணவர் கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்தார். பரம சாது. கல்யாணமாகி எட்டு வருடமாகியும் அவர்களுக்குக் குழந்தை இல்லை. பிளாஸ்டிக், வாசனைத் தைலம், பெயின்ட், பவுடர் இவையெல்லாம் உடம்புக்குள் போய்க் குழந்தை வரும் வழியை அடைத்துவிடுகின்றன என்று எங்கோ படித்திருக்கிறாள். அன்றிலிருந்து ஒவ்வொரு பொருளாக வீட்டைவிட்டுத் துரத்த ஆரம்பித்தாள். வீட்டைச் சுத்தமாகத் துடைத்து வைத்தால் குழந்தை தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று நம்பினாள். நாங்களும் பாதி நம்பினோம்.

அந்தப் புரட்சியில் முதல் பலி கணவர்தான். பற்பசை போய்க் கரித்தூள் வந்தது. கடைவாயில் கறுப்புத் தீற்றலோடு அவர் வங்கிக்குப் போவார். ஸ்கூட்டர் சீட்டின் சூடு ஆகாது என்று வண்டியை விற்க வைத்து நடக்க விட்டாள். செல்போனைப் பேன்ட் பையில் வைக்கக் கூடாது என்று ஒரு துணிப்பை தைத்துக் கழுத்தில் மாட்டிவிட்டாள். வாட்டர் பாட்டிலைத் தொங்கவிட்ட எல்கேஜி பையனைப்போல அந்த மனிதர் தினமும் காலையில் எங்கள் வாசலைத் தாண்டிப் போவார். என் கணவர், "என்ன சார், ஸ்கூல் எத்தனை மணிக்கு?" என்று கேட்பார். அவரும் சிரித்துவிட்டுப் போவார். ஒரு நாளும் கோபித்துக்கொண்டதில்லை.

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஒரு கல்யாணத்துக்கு எங்களோடு வந்தாள். பையில் அவளுடைய எவர்சில்வர் தட்டு, டம்ளர், இரண்டு வாழைப்பழம். பந்தியில் உட்காரும் முன் சமையல்காரரைத் தேடிப் பிடித்து, லட்டுக்கு இந்த மஞ்சள் எப்படி வந்தது என்று விசாரித்தாள். அவர் கரண்டியை ஓங்கிக்கொண்டு நின்றதாகக் கேள்வி. கடைசியில் மணப்பெண்ணின் மெஹந்தியை முகர்ந்து பார்த்து, "இது மருதாணியே இல்லீங்க" என்று அறிவித்துவிட்டு வந்தாள்.

அவளுடைய பேச்சுக்கு என்னைப்போல ஏமாந்த சோணகிரி வேறு யாரும் கிடையாது. நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஒரே மகள். அவள் தும்மினால் தெர்மாமீட்டரைத் தேடுகிற ஜாதி நான். மகளுக்கு என்றைக்காவது ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்தில், பூந்திக்கொட்டை சொல்லச் சொல்ல வாங்கினதையெல்லாம் தூக்கிப் போட்டேன். வாஷிங் மிஷினில்கூட அந்தக் கொட்டையைப் போட்டேன். ஒரே மாதத்தில் அது நின்றுபோனது. மெக்கானிக் குழாயைக் கழற்றி விதைகளை உள்ளங்கையில் கொட்டிக்கொண்டு, "ஏன் மேடம், மிஷினுக்குப் பிரசாதம் போட்டீங்களா?" என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் மொட்டை மாடியில் அவள் தலைமையில் ஒரு கூட்டம் நடக்கும். ஒரு யோகா டீச்சர், ஒரு ரிட்டயர்ட் போஸ்ட் மாஸ்டர், அக்கம்பக்கத்து இளம் தாய்மார்கள். ரசாயனம் இல்லாமல் எப்படி வாழ்வது என்று அவள் சொல்வாள். எல்லாரும் கேட்டுக்கொள்வார்கள். கடைசியில் ஃபிரிட்ஜையும் ஹனூரில் இருந்த அண்ணனுக்குக் கொடுத்துவிட்டு, மணல் நிரப்பிய பானைக்குள் தக்காளியை வைத்தாள். அன்று கூட்டத்தில் கைதட்டல்.

இப்படியே நாலு வருடம் போயிற்று. குழந்தை வரவில்லை. ஒரு நாள் சாயங்காலம் கீழே வந்தாள். முகம் வேறு மாதிரி இருந்தது.

"ஏனுங்கக்கா, உங்க ஃபிரிட்ஜுல ஒரு ஓரம் கெடைக்குமுங்களா?"

"என்னம்மா, மாவு வைக்கணுமா?"

"ஊசி வெக்கோணுமுங்க."

இருவரும் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். இனி தள்ளிப்போட நேரமில்லை, கொஞ்சம் முன்னாலேயே வந்திருக்கலாம் என்று அந்த டாக்டரம்மா மென்மையாகத்தான் சொல்லியிருக்கிறார். முட்டை வளர தினமும் வயிற்றில் ஹார்மோன் ஊசி போட வேண்டும். அந்த மருந்து குளிரில் இருக்க வேண்டும். மணல் பானை அதற்குப் போதாது.

"கூட்டத்துல யாருக்கும் தெரியக் கூடாதுங்கக்கா. தெரிஞ்சா இத்தனை நாளு நான் பேசுனதெல்லாம் பொய்யின்னு ஆயிரும்" என்றாள்.

அன்று முதல் எங்கள் ஃபிரிட்ஜில் இட்லி மாவுக்கும் மீன் குழம்புக்கும் நடுவில் அந்த வெள்ளைப் பெட்டி குடியேறியது. தினமும் சாயங்காலம் வருவாள். என் கணவர் பேப்பரை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார். அவள் ஸ்பிரிட் பஞ்சால் வயிற்றைத் துடைத்துக்கொண்டு, "இந்த நாத்தத்தப் பத்தி ஒரு ஞாயித்துக்கெழம பூரா பேசியிருக்கேனுங்க" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே குத்திக்கொள்வாள். நான்தான் கண்ணை மூடிக்கொள்வேன்.

யோகா டீச்சருக்கு என் மகள்மேல் பிரியம். ஒரு நாள் ராகி மால்ட் செய்து கொண்டுவந்தவர், "நான் வைக்கிறேன் மேடம், நீங்க இருங்க" என்று தானே ஃபிரிட்ஜைத் திறந்துவிட்டார். பெட்டியைப் பார்த்தார்.

"இன்சுலின் யாருக்கு?"

சோபாவில் உட்கார்ந்திருந்த என் கணவர், "எனக்குத்தாங்க" என்றார். அவர் கையில் பாதி கடித்த மைசூர் பாக்கு இருந்தது. அதை மெதுவாகத் தட்டில் வைத்தார்.

மறுநாள் காலையிலிருந்து அவருடைய ஆயுள் தண்டனை ஆரம்பம். யோகா டீச்சர் பாகற்காய்ச் சாறு அனுப்பினார். போஸ்ட் மாஸ்டருக்கு நிஜமாகவே சர்க்கரை உண்டு. அவர் கூட்டாளி கிடைத்த சந்தோஷத்தில் வெந்தயத் தண்ணீரோடு நேரில் வந்து, குடித்து முடிக்கும் வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். நாவல் கொட்டைப் பொடி ஒரு டப்பா வந்தது. தெருவில் யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் இனிப்புத் தட்டு அவரைக் கண்டதும் வளைந்து போயிற்று. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நோயாளி என்று அவருக்குத் தனி நாற்காலி. அதற்கு நேர் எதிரில் பூந்திக்கொட்டை தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருப்பாள்.

எனக்கே பொறுக்கவில்லை. வேறு ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடலாம் என்றேன்.

"போகட்டும்டி," என்றார் அவர். "இவ்வளவு கசப்பு நான் குடிச்சிருக்கேன், அந்தப் புள்ளைக்கு ஒரு குழந்தை வராமலா போயிடும்?"

ஊசிகள் முடிந்தன. பெட்டி ஃபிரிட்ஜைவிட்டுப் போனது. கருவை உள்ளே வைத்து அனுப்பிவிட்டார்கள், இனி காத்திருக்க வேண்டியதுதான் என்றாள். படிக்கட்டில் ஒவ்வொரு படியாகக் கால் வைத்து ஏறினாள். என் மகள் வீட்டுக்குள் குதித்தால்கூட மாடிக்கு அதிர்ச்சி போகுமோ என்று நான் அதட்டினேன்.

இதற்கிடையில் யோகா டீச்சர் எங்கள் ஃபிரிட்ஜை மறுபடி திறந்து பார்த்தார். 'இன்சுலின்' இல்லை. உடனே வீட்டுக்கு ஓடிப்போய் சுகர் மிஷினை எடுத்துவந்து என் கணவர் விரலில் குத்தினார். சர்க்கரை இல்லாத மனிதருக்கு என்ன வருமோ அதுதான் வந்தது. டீச்சர் கண்ணில் தண்ணீர். சாயங்காலத்துக்குள் கூட்டத்தின் வாட்ஸப் குரூப்பில் செய்தி பறந்துவிட்டது: பாகற்காய் ஜெயித்தது, ஊசியை விட்டுவிட்டார்.

அந்த வாரம்தான் பூந்திக்கொட்டைக்குக் கரு தங்கியதா என்ற ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. ஊசி போடுகிற அதே நேரத்துக்குக் கீழே வந்தாள். ஃப்ரீசரில் என் மகளுக்காக நான் ஒளித்து வைத்திருந்த ரோஸ் கலர் ஐஸ்கிரீமை எடுத்தாள். நின்றபடியே முழுவதும் சாப்பிட்டாள். உதடெல்லாம் ரோஸ் கலர்.

"நல்லாத்தானுங்கக்கா இருக்குது" என்றாள்.

கப்பைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு மேலே போனாள். மகள் என்னை இழுத்து, ஆன்ட்டி ஏன் என் ஐஸ்கிரீமைச் சாப்பிட்டாங்க என்று கேட்டாள். அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவள் திமிறினாள். விட மனம் வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு அவள் வர மாட்டாள் என்றுதான் நினைத்தேன். வந்தாள். வழக்கம்போல ஆரம்பிக்கும் முன் போஸ்ட் மாஸ்டர் எழுந்தார். என் கணவரைக் கை காட்டினார்.

"இவரே ஊசிய விட்டுட்டார். நான் மட்டும் எதுக்கு மாத்திரையைக் கட்டி அழணும்? நாளையிலிருந்து நிறுத்தறேன்."

எல்லாரும் கை தட்டினார்கள். என் கணவர் நாற்காலியில் நெளிந்து என்னைப் பார்த்தார். நான் பூந்திக்கொட்டையைப் பார்த்தேன். அவள் எழுந்து நின்றாள்.

"நிறுத்தாதீங்க சார். இந்த அண்ணனுக்குச் சர்க்கரையே இல்லீங்க. அந்த ஊசி என்னுது. கொழந்தைக்காகப் போட்டேன். தங்கலீங்க. எனக்காக அவரு பொய் சொன்னாரு."

யோகா டீச்சர்தான் முதலில் பேசினார். பாவம், ஆறுதல் சொல்வதாக நினைத்திருப்பார்.

"அதான் மேடம். இத்தனை வருஷம் சுத்தமா வெச்ச உடம்பு. திடீர்னு கெமிக்கல் போட்டா எப்படி ஏத்துக்கும்?"

அவள் அவரைப் பார்த்தாள். குரல் உயரவே இல்லை.

"நாலு வருசம் ஒண்ணுமே போடலீங்களே டீச்சர். அப்பவும் ஏத்துக்கலையே."

போஸ்ட் மாஸ்டர், "நான் மாத்திரை போட்டுக்கறேம்மா" என்றார். பிறகு ஒவ்வொருவராகச் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார்கள். யோகா டீச்சர் மட்டும் படிக்கட்டு வரை போய்த் திரும்பி வந்து, அவள் தோளில் கை வைத்துவிட்டுப் போனார்.

கூட்டம் அதோடு நின்றது. இன்னொரு தடவை முயற்சி செய்யலாம் என்று டாக்டர் சொன்னார். அவள் போதும் என்றுவிட்டாள். பூந்திக்கொட்டையை மட்டும் விடவில்லை. அது யாருக்காகவும் இல்லை, கைக்குப் பழகிவிட்டது என்றாள். கணவரிடம் கழுத்துப் பையைக் கழற்றச் சொன்னாள். அவர்தான் கழற்ற மாட்டேன் என்று அடம்பிடித்து மாட்டிக்கொண்டு போனார்.

போன வருடம் அவருக்குச் சாமராஜநகருக்கு மாற்றல் வந்தது. சாமான் ஏற்றிய பிறகு என்னைத் தனியாக அழைத்துச் சொன்னாள்:

"உங்க வீட்டுல தெனமும் ஜெபம் பண்றப்ப எனக்காகக் கேக்கறீங்கன்னு தெரியுமுங்கக்கா. இனி வேண்டாம். நான் கேக்கறத நிறுத்திட்டேன். இப்பத்தான் தூக்கமே வருது."

சரி என்றேன். கையைப் பிடித்து உறுதி சொன்னேன். கணக்கு டீச்சர், சொன்ன சொல்லை மீறுவதில்லை. நான் அதற்குப்பின் ஒரு நாளும் ஜெபத்தில் அதைக் கேட்டதில்லை.

ஆனால் உறுதி சொன்னது நான் மட்டும்தான். சாப்பாடு முடிந்து நாங்கள் மூன்று பேரும் கண்மூடி உட்காரும்போது, கடைசியில் என் கணவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஏதோ முணுமுணுக்கிறார். என்னவென்று நான் விசாரிப்பதில்லை. அவர் முடிக்கும் வரை காத்திருந்து, ஆமென் சொல்கிறேன்.