அருளப்புவின் காரும் மூன்று நிறப் புகையும்

"வெள்ளைப் புகை," என்றார் அம்பலவாணர், காருக்குப் பின்னால் குந்தியிருந்தபடி. "எஞ்சினுக்கை தண்ணி போகுது. வெள்ளிக்கிழமை தாண்டாது."

அன்று திங்கட்கிழமை.

அருளப்பு ஸ்ரியறிங்கில் இருந்த கையை எடுக்காமல் தலையை மட்டும் வெளியே நீட்டினான். "தாண்டாதெண்டா என்னய்யா? நிண்டுபோமோ?"

"நிக்கும். பேந்து எழும்பாது."

அம்பலவாணர் ஓய்வுபெற்ற தபால் அதிபர். காலையில் ஊர்காவற்றுறைத் துறைமுகத்துக்கு உலாவ வருவார். மோட்டார் வாகனங்களைப் பற்றிய தடித்த புத்தகம் ஒன்று அவரிடம் இருந்தது. முன்பாதியில் நோய்கள், பின்பாதியில் மருந்துகள். பின்பாதியைக் கறையான் தின்றுவிட்டது. ஆகவே எந்தக் காருக்கு என்ன வருத்தம் என்பதை அவர் பட்டென்று சொல்லுவார். மாற்றத்தான் தெரியாது.

அறுபத்தாறாம் ஆண்டுத் தை மாதக் குளிரைத் தீவுப்பகுதியில் ஒருவரும் இன்னும் மறக்கவில்லை. போத்தலுக்குள் தேங்காயெண்ணெய் கல்லாகி, மூன்று வீடுகளில் அதைக்கொண்டு ஆணி அடித்தார்கள். நாய்கள் வாயைத் திறந்தால் சூடு போய்விடும் என்று மூக்காலேயே குரைத்தன. அந்தக் குளிரில்தான் அருளப்பு தினமும் தன் பச்சைக் காரை ஸ்ரார்ட் பண்ணி, வீட்டிலிருந்து நூறு யார் தூரத்தில் இருந்த துறைமுகத்துக்குக் கொண்டுவருவான். நெடுந்தீவிலிருந்து லோஞ்ச் என்ற மோட்டார்ப் படகில் வந்திறங்கும் ஆட்களை யாழ்ப்பாணத்துக்கு ஏற்றிப்போவது அவன் தொழில். ஐந்து பேருக்குச் செய்த கார். ஏழு பேர் ஏறுவார்கள்.

கார் நின்றுபோனால் அவனுக்கு மிச்சம் கடல்தான். கடலும் அவனும் ஒத்துவராத சாமான்கள். மூன்று தலைமுறையாக மீன் பிடித்த குடும்பத்தில் பிறந்தும், கரையில் கட்டியிருக்கும் வள்ளத்தைக் கண்டாலே அவனுக்குக் குமட்டிச் சத்தி வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலில், வேதத்தில் இராயப்பர் வள்ளத்தில் போன பகுதியைச் சுவாமியார் வாசித்துக்கொண்டிருக்கையில், வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடியவன் அவன். கார் வாங்கிய இந்த இரண்டு வருஷமாகத்தான் தின்றது வயிற்றில் தங்கியது.

அம்பலவாணர் சொன்னது பத்து நிமிஷத்தில் மாமனார் யாக்கோப்புவின் காதுக்குப் போய்விட்டது. அவர் வள்ளத்தில் ஓராள் குறைவு. நேரே மருமகனிடம் வந்தார்.

"ஒண்டுக்கும் யோசியாதையும், மருமோன். வெள்ளி கார் நிண்டா, சனி விடிய நாலு மணிக்கு வள்ளத்துக்கு வாரும். உமக்கெண்டு ஒரு வாளியும் வாங்கி வைச்சிருக்கிறன்."

"வாளி என்னத்துக்கு, மாமா?"

"சத்தி எடுக்கத்தான். வலையிலை எடுத்துப்போடாதையும்."

அருளப்பு காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான்.

செவ்வாய்க்கிழமை லோஞ்ச் வந்து கட்டிய கையோடு அருளப்பு பஸ்ரியாம்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தான். பஸ்ரியாம்பிள்ளை இருபது வருஷமாக லோஞ்ச் எஞ்சின் ஓட்டுபவர். கார் என்பது தரையில் ஓடும் லோஞ்ச் என்பது அவர் கொள்கை. சைலன்சர்க் குழாயின் வாயில் துளித்துளியாகத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு துளியை விரலில் ஏந்தி நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார்.

"உப்பில்லை," என்றார்.

"உப்பெப்பிடி அண்ணை வரும்? கார் கடலுக்கை போறேல்லையே."

"அதுதானே பிழை! கடல்தண்ணி போய்வந்தாத்தான் எஞ்சின் எஞ்சினா இருக்கும். உன்ரை எஞ்சின் இரத்தம் காணாமல் வெளிறிப்போய்க் கிடக்கு. அதுதான் புகையும் வெளிறி வருது."

"இரத்தத்துக்கு எங்கை போறது, அண்ணை?"

"நான் இருக்கிறன்."

லோஞ்சுக்கு விடும் தடித்த ஒயிலை டின்னோடு கொண்டுவந்து, எஞ்சினுக்குள் கழுத்துமட்டும் ஊற்றினார். கார் ஒரு ஏப்பம் விட்டது.

புதன்கிழமை புகை நீலமாக வந்தது.

"நீலம்!" அம்பலவாணர் ஓடோடி வந்தார். "ஒயில் எரியுது! முந்தநாள் தண்ணி, இண்டைக்கு ஒயில். வருத்தம் முத்திப்போச்சு."

லோஞ்ச் வந்தது. அருளப்பு வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். நிமிர்ந்து பார்த்தபோது காருக்குள் ஒன்பது பேர் இருந்தார்கள். முதல் ஆளாக, கருவாட்டுக் கடகத்தை மடியில் வைத்துக்கொண்டு நெடுந்தீவுப் பிலோமினம்மா.

"ஏனக்கா, புகை மூக்கிலை ஏறேல்லையோ?"

"ஏறட்டும் தம்பி. நாங்களும் ஏறியிட்டம்தானே."

பக்கத்தில், அவனைப் போலவே யாழ்ப்பாணத்துக்கு ஆள் ஏற்றும் அப்புத்துரையின் கார் நின்றது. புதுப்பொலிவான கார்; கண்ணாடியெல்லாம் துடைத்துப் பளபளவென்றிருந்தது. பின்னால் ஒரு பொட்டுப் புகை கிடையாது. அதில் ஒருவரும் ஏறவில்லை. அப்புத்துரை கதவைத் திறந்து பிடித்தபடி அருளப்புவின் காரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அருளப்புவுக்கு நெஞ்சு உருகியது. சாகக்கிடக்கிற ஆளைப் பார்க்க ஊரே திரண்டு வருவதில்லையா? தன் காரையும் அப்படித்தான் சனம் கடைசித் தடவையாகப் பார்த்துவிட்டுப் போக வருகிறது என்று நினைத்தான்.

அன்று மாலை அம்பலவாணர் அவன் வீட்டுக்கே வந்துவிட்டார். கையில் பாதிப் புத்தகம்.

"கறையான் திண்ட பக்கத்திலை இதுக்கு என்ன மருந்து எழுதியிருக்குமெண்டு இருந்து யோசிச்சனான்," என்றார். "கண்டுபிடிச்சிட்டன். குளிருக்கு மனிசருக்கே பசி கூடவெல்லோ? எஞ்சினுக்குப் பெற்றோல் காணாது. சோக்கை இழுத்து விட்டீரெண்டா வயிறு நிறையக் குடிக்கும்."

"எவ்வளவு நேரம் ஐயா இழுத்துப் பிடிக்கிறது?"

"பிடிக்கிறதோ? இழுத்துக் கட்டும்!"

அருளப்பு சோக்கை முழுக்க இழுத்து, பனைநாரால் கதவுப்பிடியோடு சேர்த்துக் கட்டினான்.

வியாழக்கிழமை விடியவில்லை. விடிந்ததுதான், ஆனால் துறைமுகத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. புகை அவ்வளவு கறுப்பு. காரைநகர்ப் பக்கமிருந்து வந்த வள்ளக்காரர் லாம்பைக் கொளுத்தினார்கள். கரையில் நின்ற கொக்கு ஒன்று காகக் கூட்டத்தோடு சேர்ந்து பறந்துபோனது. காகங்களும் ஒன்றும் சொல்லவில்லை. காருக்குப் பின்னால் நின்று பார்த்த அம்பலவாணருக்குப் பற்கள் மட்டும் இருந்தன.

"கறுப்பு," என்றன அந்தப் பற்கள். "இதுக்கு மருந்து அதுக்கு அடுத்த பக்கத்திலை இருந்திருக்கும்."

லோஞ்ச் வந்தது. கயிறு கட்டுமுன்னரே சனம் குதித்தது. பதினொரு பேர் ஏறினார்கள். பதினோராவது ஆளின் ஒரு கால்தான் காருக்குள் போனது. அவர் மற்றக் காலால் வேலணை மட்டும் ஓடிவந்தார். அங்கே ஒருவர் இறங்கிய பிறகுதான் அந்தக் காலுக்கும் இடம் கிடைத்தது.

யாழ்ப்பாணத்தில் ஆட்களை இறக்கிவிட்டு, அருளப்பு அழாக்குறையாகச் சரவணமுத்துவின் கராச்சுக்குப் போனான். சரவணமுத்து முப்பது வருஷ மெக்கானிக். அருளப்பு சொன்னதை முதலிலிருந்து முடிவுவரை கேட்டார்.

"முதல் வந்த வெள்ளைப் புகை எவ்வளவு நேரம் நிண்டது?"

"வேலணைக்கு வரமுன்னம் இல்லாமப் போயிடும், அண்ணை."

"றேடியேற்றரிலை தண்ணி குறைஞ்சதோ?"

"ஒரு சொட்டும் குறையேல்லை."

"அது புகையே இல்லை, ஐசே. ஆவி. குளிருக்குக் குழாய்க்குள்ளை ஈரம் பிடிக்கும். சூடேற ஆவியாப் பறக்கும். காலமை உம்மடை வாயாலையும்தான் வருது. அதுக்கு லோஞ்ச் ஒயில் குடிக்கிறனீரோ?"

"அப்ப நீலம்?"

"அது பஸ்ரியாம்பிள்ளை."

"கறுப்பு?"

"அது அம்பலவாணர்."

சரவணமுத்து பனைநாரை அறுத்தார். லோஞ்ச் ஒயிலை வடித்தார். எஞ்சினைக் கழுவித் துடைத்து, நல்ல ஒயில் விட்டார். "நாளையிலிருந்து வீட்டிலை வைச்சுப் பத்து நிமிஷம் ஓடவிட்டுச் சூடாக்கிக்கொண்டு துறைமுகத்துக்குப் போம். பொட்டுப் புகை வந்தா என்னை வந்து கேளும்."

வெள்ளிக்கிழமை பொட்டுப் புகை வரவில்லை. சத்தமும் வரவில்லை. எஞ்சின் ஓடுகிறதா என்று அறிய அருளப்பு இரண்டு தடவை பொனற்றில் காதை வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. தலையை எண்ணெய் வைத்து வாரி, வெள்ளைச் சேட்டுப் போட்டு, கதவைத் திறந்துவைத்துக்கொண்டு காருக்குப் பக்கத்தில் மாப்பிள்ளை மாதிரி நின்றான். மாமனாரையும் பார்க்க வரச் சொல்லியிருந்தான். யாக்கோப்பு வந்தார். கையில் வாளி இருந்தது.

"உதை ஏன் மாமா கொண்டுவந்தனீங்கள்? கார் சுகமாயிட்டுது. பின்னாலை போய்ப் பாருங்கோ!"

யாக்கோப்பு பின்னால் போய்க் குனிந்து பார்த்தார். குழாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தார். முகம் வாடிவிட்டது. "ஓம் மருமோன். சுகம்தான்," என்றார் துக்கத்தோடு.

லோஞ்ச் வந்தது. சனம் இறங்கியது. காரின் பின்பக்கத்தைப் பார்த்தது. அருளப்புவின் முகத்தைப் பார்த்தது. கடந்துபோனது.

"வாங்கோ! வாங்கோ! இருமத் தேவையில்லை! மூக்கைப் பொத்தத் தேவையில்லை!"

ஒருவரும் திரும்பவில்லை. எல்லாரும் அப்புத்துரையின் காரை நோக்கி ஓடினார்கள். அந்தப் புதுப்பொலிவான காரின் பின்னாலிருந்து திரள்திரளாகப் புகை எழும்பிக்கொண்டிருந்தது. ஐந்து நிமிஷத்தில் அதில் பத்துப் பேர்.

யாக்கோப்புவின் முகத்தில் வெளிச்சம் வந்தது. வாளியை மருமகனின் கையில் கொடுத்தார். "நாலு மணி, மருமோன். பிந்தாதையும்."

அருளப்பு வாளியோடு அப்புத்துரையின் காரடிக்கு ஓடினான். குனிந்து பார்த்தான். எஞ்சின் ஓடவேயில்லை. சைலன்சர்க் குழாய்க்குக் கீழே ஒரு மண்சட்டி. அது நிறையத் தேங்காய்ப் பொச்சுமட்டை புகைந்துகொண்டிருந்தது.

"டேய் அப்புத்துரை, காருக்கேன்ரா புகை போடுறாய்?"

அப்புத்துரை உதட்டில் விரலை வைத்தான். "மெல்லக் கதை, மச்சான். உனக்குப் புண்ணியம் கிடைக்கும்."

அருளப்புவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. யன்னலோரம் கடகத்தோடு இருந்த பிலோமினம்மாவைப் பார்த்தான்.

"அக்கா, இந்தக் கிழமை முழுக்க என்ரை காருக்கை இருமி இருமி வந்தனீங்கள். இண்டைக்குத்தான் என்ரை காரிலை புகையில்லை. ஏனக்கா என்னை விட்டிட்டு இதிலை ஏறினனீங்கள்?"

பிலோமினம்மா அவனைப் பாவமாகப் பார்த்தாள்.

"புகையாத காரை நம்பி ஆர் தம்பி ஏறுறது? 'இந்தா வெளிக்கிடுறன், இந்தா வெளிக்கிடுறன்' எண்டு சொல்லிச் சொல்லி ஒன்பது மணிமட்டும் ஆள் சேர்ப்பியள். பின்னாலை புகையைக் கண்டாத்தானே உண்மையாவே வெளிக்கிடப்போற கார் எதெண்டு எங்களுக்குத் தெரியும்!"