நாற்பது மைலில் உதறும் அன்பளிப்பு

சாய்ந்தமருது,
8.3.1981

கொழும்பில் வசிக்கும் கண்ணியமிக்க மச்சான் ஜவுபருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கூடப்பிறந்த ராத்தா சபியா உம்மா சுகம், நானும் சுகம். சுகமில்லாதது நீங்கள் உங்கள் மருமகள், என் மகள் றாஹிலாவின் கலியாணத்துக்கு அன்பளிப்பாக அனுப்பிய சிவப்புக் கார்தான். அதற்கு நன்றியாக என் வீச்சுவலையில் விழுந்த மணலை மீனைக் கருவாடாக்கிக் கொடுத்தனுப்பினேன். வெட்கமிருந்தால் அது தொண்டையில் இறங்கியிராது.

இரண்டே சீற் உள்ள அந்தக் கிழட்டுச் சாமானைப் 'பந்தயக் கார்' என்று எழுதினீர்கள். நானும் நம்பி, வந்த அன்றே உரஞ்சிக் கழுவினேன். வீல் விளிம்பில் ஒட்டிக்கிடந்த கொழும்பு அழுக்கைக்கூட நெம்பி எடுத்தேன். என்ன பலன்? முப்பத்தைந்து மைல் வரைக்கும் அடக்கமாகப் போகிறது. நாற்பதைத் தொட்டால் ஸ்டியரிங் உதறுகிற உதறலில் என் பொய்ப்பல் கழன்று மடியில் விழுந்தது. கல்முனை மெக்கானிக் முகைதீன்பாவா, "போல் ஜொயின்ற் தேஞ்சிட்டு காக்கா" என்று அதை மாற்றினான். உதறல் போகல்ல. ஸ்டியரிங் பெட்டியைக் கழற்றிப் பூட்டினான். ஒரு நட்டு மிச்சம். மறுகா அழகரெத்தினம் எண்டு ஒரு மேதாவி, முன் டயரைப் பின்னுக்குப் போட்டுப் பாத்திட்டு, கார்ல பிழையில்லையாம், றோட்டுத்தான் பிழையாம்!

மாப்பிள்ளை றஸாக் அதைக் கோமாரி வரைக்கும் ஓட்டிப் பாக்கப் போனவர், பஸ்ஸில திரும்பி வந்தார்; காரை நான் போய் முப்பதிலேயே ஓட்டிக்கொண்டு வந்தன். அவர்ர வாப்பா அபூசாலி ஹாஜியார் வாசல்ல நிண்டு, "கார்ர உதறல நிப்பாட்டுங்க, மறுகா கலியாணத்தக் கதைப்பம்" எண்டிட்டுப் போயிட்டார். இருபதாந் தேதி கலியாணம்! றாஹிலா ரெண்டு நாளாச் சோறு தண்ணியில்லாமக் குப்புறக் கிடக்கிறாள். தள்ளிவிட வழியில்லாத சாமானை மருமகள்ர தலையில கட்டின மாமா உலகத்தில நீங்க ஒருத்தர்தான். கலியாணத்துக்கு வரவேணாம். வந்தாலும் உங்கட விருந்துச் சஹன் தட்டுல ஒரு துண்டு இறைச்சி வைக்க விடமாட்டன்.

அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும். இன்னொரு கார் வாங்கும் புத்தியை மட்டும் தராதிருக்கட்டும்.

இப்படிக்கு,
அப்துல் கபூர்

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போன நேரம் மட்டக்களப்பு மெக்கானிக் ஒருவர் வந்தார். வீலைத் தடவிப் பார்த்து, "விளிம்பில இருந்த ஈயத்துண்டெல்லாம் எங்க? அது இருந்தாத்தானே வீல் சமனாச் சுத்தும்" என்று கேட்டார். உங்கள் ராத்தாதான் என் வீச்சுவலையைத் தூக்கிவந்து அவர் காலடியில் போட்டா. நெம்பி எடுத்த அழுக்கை உருக்கி நான் வலைக்கு ஈயக்குண்டு கட்டினது அவவுக்குத் தெரியும். நீங்கள் தின்ற மணலையும் அந்த வலையில் விழுந்ததுதான்; ஆகவே பாதிக் குற்றம் உங்களுடையது. அந்த ஈயம் கொழும்பில்தான் எடுக்கலாமாம். பதினெட்டாந் தேதிக்கு முன் கொண்டுவந்து சேருங்கள், சஹனில் இறைச்சி முழுக்க உங்களுக்குத்தான். ஹாஜியாரிடம் பிழை உங்களுடையது என்று சொல்லி வைத்திருக்கிறேன். வந்த இடத்தில் அதை மறுத்துக் கதைத்து, பிள்ளையின் கலியாணத்தைக் குழப்பிவிடாதீர்கள்.