பந்திவேந்தர் மாயவனார் பி.ஏ.வுக்குப் படையெடுத்த படலம்

வாழி! கம்பைநல்லூர்க் கடைவீதியில் உரக்கடை என்னும் அரியணையில் அமர்ந்து, யூரியா மூட்டைகளைக் கோட்டைமதிலாக எழுப்பி, சுற்றுவட்டாரத்துக் கல்யாணம் ஒன்றையும் விடாமல் இடுப்பில் துண்டை இறுக்கி, இடக்கையில் சாம்பார் வாளியும் வலக்கையில் நெடுங்காம்புக் கரண்டியும் ஏந்தி, இலைவரிசை நடுவே உலாவந்த பந்திவேந்தரும், "அந்த எலைக்குப் பொரியல் வரலப்பா!" என்று ஒரு குரல் கொடுத்த மாத்திரத்தில் மண்டபக் கடைக்கோடியில் நிற்பவனையும் கால்பதறி ஓடிவரச் செய்யும் இடிமுழக்கத் தொண்டையரும், வழுக்கைத்தலை வளர்சோதியருமாகிய மாயவனார் வாழி! அவர் வென்ற போர்களைப் பாட ஆயிரம் நா வேண்டும். தோற்ற ஒன்றைப் பாட அடியேனின் ஒற்றை நாவே போதும். அதுவும் இந்த முதல் வாக்கியத்திலேயே வறண்டுவிட்டது, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன்.

போருக்கு மூலம் ஒரு கேள்வி. மாயவனாரின் ஏகபுத்திரி சசிகலாவுக்கு இண்டூரில் மாப்பிள்ளை அமைய, நிச்சயதார்த்த நன்னாளில், தலைமையாசிரியராய்ப் பணிநிறைவு பெற்றவரும் தம் பெயரைவிட அதன் பின்வரும் பட்டங்கள் நீண்டவருமாகிய சம்பந்தி, காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நீங்க என்ன படிச்சிருக்கீங்க?" என்று சாவகாசமாக ஒரு கணை தொடுத்தார். இளமையில் தருமபுரிக் கல்லூரியில் இரண்டாண்டு பி.ஏ. படித்து, தந்தையார் படுத்த படுக்கையானதும் கடைச்சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டவர் நம் வேந்தர். அந்த மூன்றாமாண்டு அவர் நெஞ்சுக்குள் எந்நாளும் உறுத்திக்கொண்டே இருந்தது. "பி.ஏ.ங்க," என்று நா தானாகப் புரண்டது. பக்கத்தில் நின்ற மனைவி கோவிந்தம்மாள் நறுக்கென்று ஒரு கிள்ளு கிள்ளினார்.

சொல்லோடு நின்றிருந்தால் இந்தப் படலம் ஏது? நம் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகை என்றால் பெரியப்பா முதல் பங்காளி வரை ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஒரு பட்டமாவது ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். மொட்டையாக நிற்கும் பெயரைப் பார்த்து ஊரே 'ப்ச்' என்று உச்சுக்கொட்டும். ஆகவே பொன்னெழுத்தில் 'க. மாயவன், பி.ஏ.' என்று அச்சடித்து வந்த பத்திரிகைக் கட்டுகள், வெளியே தலைகாட்ட அஞ்சி, வீட்டுப் பீரோவுக்குள் சிறையிருந்தன.

"நான் வேணாம்னுதானே சொன்னேன். பொய்யி எதுக்குப்பா?" என்றாள் சசிகலா.

"பொய்யில்ல கண்ணு. கொஞ்சம் முன்னாடியே சொல்லிட்ட உண்மை," என்று சாற்றினார் தந்தை.

அந்த உண்மையை நிஜமாக்கும் பொருட்டே அவர் ஒரு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் கதவைத் தட்டியிருந்தார். அக்கதவோ கருணைக்கதவு. அந்தக் காலத்து இரண்டாண்டுப் படிப்பை அப்படியே கணக்கில் ஏற்றுக்கொண்டது. கல்யாணத்துக்கு ஓராண்டுத் தவணை இருந்ததால், மூன்றாமாண்டுப் பாடங்களைக் கடைமூட்டைமேல் உட்கார்ந்து படித்து வேந்தரே எழுதித் தேறினார். மிஞ்சியது 'நிகழ்ச்சி மேலாண்மை' என்னும் ஒரே ஒரு தாள். அதற்கும் ஒரு குறுக்குவழி உண்டு. வாழ்க்கையில் அந்த வேலையைச் செய்து பழகியவர், ஆண்டுக்கொருமுறை கூடும் தேர்வுக்குழுமுன் அமர்ந்து, செய்ததைச் சொல்லி மெய்ப்பித்தால் பரீட்சையே வேண்டாம், மதிப்பெண் அன்றைக்கே ஏறிவிடும். பரீட்சைக்குக் காத்திருந்தாலோ கல்யாணம் முடிந்துவிடும்.

"பந்தி பரிமாறுனதுக்கு மார்க்கா? அப்ப இத்தன வருசம் வூட்ல ஆக்கிக் கொட்டுன எனக்கு டாக்டர் பட்டமே குடுக்கணும்," என்றார் கோவிந்தம்மாள். வேந்தர் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

புறப்பட்டார் மாவீரர்! வெள்ளை வேட்டி கவசமாக, விபூதிக் கீற்று வெற்றித்திலகமாக, கல்யாண ஆல்பங்களிலிருந்து உருவிய புகைப்படங்கள் அடைத்த கோப்பு கேடயமாக முதல் பேருந்தைப் பிடித்தார். அப்படங்கள் அனைத்திலும் மணமக்கள் ஓரமாகவும் மாயவனார் வாளியோடு நடுவிலும் நின்றார்கள். தருமபுரியிலிருந்த படிப்பு மையத்தின் வெளிக்கேட்டு திறக்குமுன்பே போய் நின்று, திறந்ததும் பாய்ந்து, தேர்வறைக் கதவையொட்டிய முதல் நாற்காலியைக் கைப்பற்றி, அதில் மலையென அமர்ந்தார். முதல் ஆள் அவர்தான். இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு திரண்டதே ஒரு சேனை! அரூரிலிருந்து தையல்கடைக்காரர்கள், பாலக்கோட்டிலிருந்து பால் சொசைட்டிக்காரர்கள், கணக்கெழுதினோர், கம்பவுண்டராய் இருந்தோர், சீட்டு நடத்தினோர் என்று அனுபவம் பழுத்த ஆணும் பெண்ணும் அலையலையாய் வந்து வராந்தாவை நிறைத்தார்கள். சென்னையிலிருந்து வந்த மூவர் குழு உள்ளே போய் அமர்ந்தது. அதன் தலைவி பேராசிரியை ஜாஸ்மின். மைய உதவியாளர் குமார் கதவைத் திறந்து, "ஒவ்வொருத்தரா வாங்க," என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உள்ளே மறைந்தார். அவ்வளவுதான். முழங்கைகள் மோதின, கோப்புகள் சிதறின, செருப்புகள் இடம் மாறின. "நான்தான் மொதல்ல!", "யோவ், நான் துண்டு போட்டுட்டுப் போனேன்யா!" என்னும் போர்முழக்கங்கள் எழுந்தன.

மாயவனாரின் கை குறுகுறுத்தது. 'டேய் மாயவா, கம்முனு உக்காரு. இன்னிக்கு நீ விருந்தாளிடா' என்று தமக்குத்தாமே ஆணையிட்டுக் கையைத் தொடைக்கடியில் வைத்து அமுக்கிக்கொண்டார். அப்போது இடுப்பில் கைக்குழந்தையோடு நிர்மலா என்றொரு அங்கன்வாடிப் பணியாளர் நெரிசலில் சிக்கி, "புள்ள நசுங்குதுங்க!" என்று அலறினார். அந்தோ, அடங்குமா அந்தக் கை? தொடைக்கடியிலிருந்து அது தானாக உருவிக்கொண்டு மேலே எழும்ப, கையைத் தொடர்ந்து வேந்தரும் எழும்பினார்.

"யாரும் முண்டாதீங்க! எல்லாருக்கும் எலை இருக்கு!"

வராந்தா திகைத்து அடங்கியது. இலை எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை, குரல் அப்படி! அடுத்த நொடியே படைவகுப்பு தொடங்கியது. கைக்குழந்தைக்காரர்களும் வேளைக்கு மாத்திரை போடுகிறவர்களும் முதல் பந்தி. தூரத்துப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர்கள் இரண்டாம் பந்தி. உள்ளூர்க்காரர்கள் மூன்றாம் பந்தி. நிர்மலாவை உள்ளே அனுப்பிவிட்டுக் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே வேந்தர் வரிசைகளின் நடுவே நடந்தார். "அண்ணா, நீங்க இங்கிட்டு வாங்க. யம்மா, கொஞ்சம் ஒட்டி நில்லுங்க." சற்றுமுன் சட்டையைப் பிடித்துக்கொண்ட இருவர் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து மிக்சர் தின்றார்கள்.

குமார் வெளியே எட்டிப் பார்த்து அசந்துபோனார். "சார், நீங்கதானே மொதல்ல வந்தீங்க? நீங்க போங்க."

"அட, அவங்க போகட்டும்ப்பா. நாம எங்க போயிடப் போறோம்?"

விருந்து வைக்கும் வீட்டுக்காரன், வந்தவர் எல்லோரும் கைகழுவிய பிறகு கடைசிப் பந்தியில்தான் உட்கார வேண்டும் என்பது மாயவனாரின் ரத்தத்தில் ஊறிய சட்டம். வராந்தாவை வரிசைப்படுத்திய அந்தக் கணத்திலேயே வீடு அவருடையதாகிவிட்டது, மற்றவர் எல்லோரும் விருந்தாளிகளாகிவிட்டார்கள். தாம் பரீட்சைக்கு வந்திருப்பது அவருக்கு மறந்தே போனது.

உச்சிவேளையில் தேர்வுக்குழு உண்ண அமர்ந்தபோது வேந்தரின் வீரம் உச்சந்தொட்டது. தெரிந்த மெஸ்ஸிலிருந்து சாப்பாட்டை வரவழைத்து, தாமே இலை போட்டு, "கூச்சப்படாதீங்க மேடம், இன்னொரு கரண்டி," என்று பக்கத்தில் நின்றே பரிமாறினார். நல்லது, இத்தோடு நிறுத்தியிருக்கலாம். விதி அவர் நாவில் சம்மணம்போட்டு உட்கார்ந்துகொண்டதே!

"ஒகேனக்கல் பாத்திருக்கீங்களா மேடம்?"

"இல்லையே சார்," என்றார் ஜாஸ்மின்.

"என்ன மேடம் இது! தருமபுரி வரைக்கும் வந்துட்டு ஒகேனக்கல் பாக்காம போறதா? ஊருக்கே அவமானம்ங்க!" என்று பதறிய வேந்தர் அக்கணமே பரிசலோட்டி மாரியப்பனைக் கைப்பேசியில் அழைத்து, பரிசலுக்குச் சொல்லி, வறுவலுக்கு நல்ல மீனாக எடுத்துவைக்கவும் சொல்லி, ஜாஸ்மினிடம் தம் எண்ணையும் கொடுத்தார். "மூணு மணிக்குள்ள கிளம்பிருங்க மேடம். சாயங்காலம் ஆனா பரிசல் கிடையாது."

சாப்பாட்டுக்குப் பிந்திய போரை என்னென்பேன்! விருந்தாளிகள் நேரத்துக்குக் கிளம்ப வேண்டுமே என்ற ஒரே கவலையில், மிச்சமிருந்த மூன்றாம் பந்தியைச் சூறாவளியாய்ச் சுழன்று விரட்டினார். "சுருக்கச் சொல்லிட்டு வாங்கப்பா, அவங்க போகணுமில்ல!" கடைசித் தையல்காரரும் உள்ளே நுழைந்ததும், குழு வந்த காரில் தண்ணீர் பாட்டில் ஏற்ற ஓடினார். வராந்தாவிலிருந்து குமார் எதையோ சொல்லிக் கூப்பிட்டார். "இருப்பா, மொதல்ல அவங்கள அனுப்பிட்டு வரேன்!" என்று கைகாட்டிவிட்டு, பின்சீட்டில் முறுக்குப் பொட்டலம் ஒன்றையும் வைத்தார். மூவரும் வந்து ஏறினார்கள். "பென்னாகரம் தாண்டுனா வளைவு ஜாஸ்திங்க, மெதுவாப் போங்க!" என்று கார் கண்மறையும் வரை கையசைத்தார்.

பிறகு கையை இறக்கினார். வேட்டியைச் சரிசெய்து, கோப்பை எடுத்துத் தூசிதட்டி, "சரி, இனி நாம உக்காரலாம்," என்று முழங்கியபடி தேர்வறைக்குள் கம்பீரமாகப் புகுந்தார்.

உள்ளே குமார் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"சார், உங்க பேருக்கு நேரா ஆப்சென்ட் போட்டு கம்ப்யூட்டர்ல ஏத்திட்டாங்க சார்."

"ஆப்சென்ட்டா! நான் காலைலேர்ந்து இங்கதானப்பா இருக்கேன்?"

"இருந்தீங்க சார். உள்ள வரலையே. மூணு வாட்டி உங்க பேரச் சொல்லிக் கூப்டேன், நீங்க கைய காட்டிட்டீங்க. அவங்க உங்கள இங்க வேலை பாக்குறவர்னு நெனச்சிட்டாங்க."

வாழ்நாளில் எந்தப் பந்தியிலும் ஓர் இலையைக்கூடத் தவறவிடாத மாவீரர், தம் இலையைத் தாமே எடுத்துப் போட்டுவிட்டு நின்றார். அழுதுவிடுவோமோ என்றுகூட இருந்தது. பிறகு என்ன செய்வது என்று தெரியாமல், குமாரோடு சேர்ந்து மிச்ச நாற்காலிகளை அடுக்கினார்.

திரும்பும் பேருந்தில் கைப்பேசி ஒலித்தது. பின்னணியில் அருவி இரைந்தது.

"சார், ஜாஸ்மின் பேசறேன். பரிசல், மீன் எல்லாம் பிரமாதம்! மையத்துல உங்களுக்கு என்ன போஸ்டிங் சார்? உங்களப் பத்தி மேல எழுதலாம்னு இருக்கோம்."

"நான் கேண்டிடேட்டுங்க மேடம்."

"மாயவன்... அது நீங்களா? நிகழ்ச்சி மேலாண்மை? ஐயோ சார்! எல்லாம் ஏத்தி மூடிட்டோமே, இனி அடுத்த வருஷம்தான் திறக்கும்..."

"பரவால்லீங்க மேடம். முள்ளு பாத்துச் சாப்பிடுங்க," என்றார் மாயவனார். போனை வைத்த பிறகுதான், தாம் இப்போதும் பரிமாறிக்கொண்டிருப்பது அவருக்கே உறைத்தது. பக்கத்து சீட்டுக்காரர் விலகி உட்காரும் அளவுக்குத் தனியாகச் சிரித்தார்.

வீட்டில் நடந்ததைச் சொன்னதும் கோவிந்தம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "சோத்தப் போட்டு, மீனக் குடுத்து, வண்டியும் ஏத்தி அனுப்பிட்டு வந்திருக்காரு பாரு மகராசன்!" சசிகலாவும் சிரித்தாள், சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "இப்ப என்னப்பா பண்ணப் போறீங்க?"

மாயவனார் இண்டூருக்குப் போன் போட்டார்.

"சம்பந்தி, நான் பி.ஏ. முடிக்கலீங்க. அன்னிக்கு வாய் தவறிச் சொல்லிட்டேன். பத்திரிகைலயும் போட்டுட்டேன். தப்புதாங்க."

அந்தப் பக்கம் ஒரு செருமல். "அது கெடக்குதுங்க சம்பந்தி. எங்க பக்கம் கூட்டம் ஜாஸ்தியா வரும், அதான் கவலையா இருக்கு. பந்திய யாருங்க பாத்துக்கறது?"

எட்டுத் திசையும் முரசம் அதிர, மங்கிக் கிடந்த வழுக்கைத்தலை மீண்டும் வளர்சோதி வீச, தோற்ற போரின் தூசியெல்லாம் ஒரே மூச்சில் உதறி எழுந்து, தாழ்ந்த தோள்கள் இமயமென நிமிர, வாளியில்லா இடக்கையும் கரண்டியில்லா வலக்கையும் வான்நோக்கி உயர, "அத நான் பாத்துக்கறேங்க!" என்று விண்ணதிர முழங்கினார் பந்திவேந்தர் மாயவனார்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் கூடத்தில் உட்கார்ந்து, எல்லாப் பத்திரிகைகளிலும் பி.ஏ.வைப் பேனாவால் அடித்தார்கள்.