பெண் பார்க்க வந்த அன்று நான் பிரித்த பஞ்சுப் போர்வை

கரிசல்காட்டில் பிறந்தவளுக்குப் பஞ்சைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை என்பது பத்தொன்பது வயதில் என் எண்ணம். பருத்தி எடுத்திருக்கிறேன். பருத்தி வண்டியில் பொதிமேல் உட்கார்ந்து போயிருக்கிறேன். (கடலில் கால் நனைத்தவனெல்லாம் கப்பல் ஓட்டக் கிளம்பினால் எப்படி? அப்படித்தான்.)

நான் தூத்துக்குடிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தது உலகச் சண்டைக் காலத்தில். மாமனாருக்குத் துறைமுகத்தின் பக்கம் பலசரக்குக் கடை. கப்பல்களுக்கும் சாமான் போகும். அப்படி ஒரு கப்பல்காரர் கொடுத்துவிட்டுப் போன தடித்த பஞ்சுப் போர்வை ஒன்று வீட்டில் இருந்தது. தூத்துக்குடி வெக்கையில் அதைப் போர்த்தினால் ஆள் அவிந்துவிடுவான். அதனால் விருந்தாளி வந்தால் பெஞ்சில் விரிப்போம். சீமைச் சாமான் அல்லவா, வீட்டுக்கே ஒரு பவிசு!

அதை ஒருநாள் என் மாமியார் ஊறவைத்துக் கல்லில் அடித்துத் துவைத்துவிட்டார். பஞ்செல்லாம் மூலைக்கு மூலை ஒதுங்கிக் கட்டியாகிவிட்டது. நடுவில் வெறும் துணி. உட்கார்ந்தால் ஒரு தொடை மேட்டில், ஒரு தொடை பள்ளத்தில்.

அந்தச் சமயம்தான் என் நாத்தனார் வடிவைப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். மாப்பிள்ளை உப்பளத்தில் கணக்கெழுதுகிறவர். கோயில் திருவிழாவில் தூரத்திலிருந்து அவரைப் பார்த்திருக்கிறாள் வடிவு. அதை என்னிடம் மட்டும்தான் சொன்னாள். சொல்லும்போதே முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

"சம்பந்தக்காரங்க உக்காந்தா குண்டும் குழியுமால்லா இருக்கும்?" என்று மாமியார் போர்வையைப் பார்த்துக் கவலைப்பட்டார்.

"குடுங்க அத்தை, நான் சரி பண்ணுதேன்."

"ஒனக்குத் தெரியுமாளா?"

"எங்க ஊருக்கு வந்து கேட்டுப் பாருங்க!"

(எங்கள் ஊருக்குப் போய்க் கேட்டிருந்தால் கொடுத்தே இருக்கமாட்டார்.)

அவர்கள் வருகிற அன்று மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பின்கட்டு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு போர்வையின் வாயைப் பிரித்தேன். உள்ளே பஞ்சு கொழுக்கட்டை கொழுக்கட்டையாக உட்கார்ந்திருந்தது. பஞ்சடிக்கிறவர்கள் வில்லால் அடித்துப் பார்த்திருக்கிறேன். வில்லுக்கு நான் எங்கே போக? மாமனாரின் கைத்தடியால் சாத்தினேன். ஆகா, என்ன அழகாகப் பிரிந்தது! பிரிந்த பஞ்சு தரையில் இருந்தால்தானே? என் தலை, புருவம், மூக்கு, அறை முழுவதும் பஞ்சு பறந்தது. இரண்டு கொழுக்கட்டைக்குள் இவ்வளவு பஞ்சா என்று மலைத்து நின்றேன்.

சாயங்காலம் வர வேண்டியவர்கள், ராகுகாலத்துக்குப் பயந்து முன்னதாகவே வந்துவிட்டார்கள். கதவைத் தட்டிய மாமியார், "ஏளா, வந்துட்டாவ! போர்வை எங்க?" என்றார் அடிக்குரலில்.

பறக்கும் பஞ்சை வெளியே அனுப்பிவிட்டுப் போகலாம் என்று பின்பக்க சன்னலைத் திறந்தேன். ஆனி மாசம். மேல்காற்று. சன்னல் இருந்தது மேற்குப் பக்கம். பஞ்சு வெளியே போகவில்லை, காற்றுதான் உள்ளே வந்தது. அதே நேரம் மாமியார் கதவைத் தள்ள, அறையிலிருந்த பஞ்சு மொத்தமும் என்னை முந்திக்கொண்டு சம்பந்தக்காரர்களை வரவேற்கப் போனது.

முன்கட்டில் மாப்பிள்ளையின் தாயார் தலை ஒரே நொடியில் நரைத்தது. தாம்பாளத்தில் இருந்த லட்டுகளுக்கு மீசை முளைத்தது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மாப்பிள்ளை இருமும்வரை.

முதலில் ஒரு இருமல். பிறகு அடுக்கடுக்காக. பிறகு மூச்சே இழுத்துக்கொண்டது. நெஞ்சுக்குள் விசில் ஊதுவதுபோல் ஒரு சத்தம். எல்லாரும் கல்லாய் நிற்க, அடுக்களையிலிருந்து வடிவுதான் ஓடி வந்தாள். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால், யாரும் கூப்பிடாமல், வெந்நீர்ச் செம்போடு. அவர் வாங்கி, திணறித் திணறி, அவளைப் பார்த்து, "பயப்படாதீங்க... எனக்கு... சின்ன வயசுலேருந்தே உண்டு" என்றார்.

"ஏலே, சும்மா இரி!" என்று அவருடைய தாய்மாமன் அதட்டினார்.

மாமனாரின் முகம் மாறிவிட்டது. "சின்ன வயசுலேருந்தா? எங்ககிட்ட ஏன் சொல்லல அண்ணாச்சி?"

அத்தோடு முடிந்தது சம்பந்தம்.

என்னைத் திட்டப்போகிறார்கள் என்றுதான் நினைத்தேன். நடந்ததோ வேறு. "நீ பஞ்சைப் பறக்கவிட்டதால எம் பொண்ணு தப்பிச்சா" என்று மாமியார் எனக்கு நெட்டி முறித்தார். வந்த நாளிலிருந்து என்னைப் பாராட்டி அவர் சொன்ன முதல் வார்த்தை அது. அக்கம்பக்கத்தாரும் வந்து என் சாமர்த்தியத்தைப் புகழ்ந்தார்கள். நானும், ஏதோ யோசித்துச் செய்தவள்போல, தலையாட்டினேன்.

மறுநாள் என் தலைமுடியிலிருந்து பஞ்சை எடுத்துக்கொண்டிருந்த வடிவு மெல்லச் சொன்னாள்: "மைனி, அவரு பொய் சொல்லலியே."

அவளுக்காக மாமனாரிடம் ஒரு வார்த்தை நான் பேசியிருக்கலாம். அன்றைக்கு அந்த வீட்டில் என் பேச்சு எடுபட்டிருக்கும். கிடைத்த நல்ல பெயரைக் கெடுத்துக்கொள்ள மனசில்லாமல், "எல்லாம் நல்லதுக்குத்தான்ளா" என்றேன். எவ்வளவு சுலபமான வார்த்தை! அதன்பிறகு என் முடியில் பஞ்சு எடுக்க அவள் கை வைக்கவில்லை.

அடுத்த தை மாசமே விருதுநகரில் நல்ல இடம் பார்த்து அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளை தேக்குக் கட்டை மாதிரி. அந்த வீட்டில் இருமல் சத்தமே கிடையாது. பேச்சுச் சத்தமும் கிடையாது. போர்வையில் மிஞ்சிய பஞ்சு இரண்டு தலையணைக்கு ஆயிற்று. உப்பளத்துக்காரர் பிறகு மதுரைப் பக்கம் போய்ப் பிள்ளைகுட்டிகளோடு நன்றாக இருப்பதாகக் கேள்வி.

இன்றும் எங்கள் வீட்டில் யாரையாவது பெண் பார்க்க ஆள் வந்தால், "முதல்ல ஆச்சியைப் பின்கட்டில் பூட்டுங்க, பஞ்சைப் பிரிச்சிடப் போறா" என்று பேரப்பிள்ளைகள் ஆரம்பித்துவிடுவார்கள். மாப்பிள்ளையின் தாயார் தலை நரைத்ததையும் லட்டுக்கு மீசை முளைத்ததையும் நானே நடித்துக் காட்ட வேண்டும். வீடே உருண்டு புரளும். வடிவும் சிரிப்பாள்.

போன கல்யாணத்தில் என் பேரன், "அந்தப் பஞ்சு மாப்பிள்ளை எப்படி இருமினாரு, செஞ்சு காட்டுங்க ஆச்சி" என்றான். நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தொடங்கினேன்.

பக்கத்தில் பூத் தொடுத்துக்கொண்டிருந்த வடிவு, நிமிராமலே, "பஞ்சு மாப்பிள்ளை இல்ல. அவரு பேரு சுப்பையா" என்றாள்.

எங்கள் யாருக்குமே அந்தப் பெயர் நினைவில்லை.