பத்தாம் நம்பர் பூட்ஸோடு நர்கீஸ் பொருத போர்

காலணியின் கொடுங்கோன்மையைக் காலாலேயே வென்ற காரிகையே, பேகம்பூர் ஈன்ற பெருமாட்டியே, சாம்பிள் பாட்டில் ஏந்திய சுடர்த்தொடியே, எம்.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியல் முதலாண்டு நர்கீஸே, நீ வாழி! நின் பாதம் வாழி! நாலாம் நம்பர் செருப்புக்குள் அடங்கி நாற்றிசையும் நடந்த அச்சிறுபாதம் பெருஞ்சேற்றிற் புகுந்து பெரும்புகழ் கொண்ட கதையை, திண்டுக்கல் மலைக்கோட்டைப் பீரங்கிகளும் வாய்பிளந்து கேட்குமாறு சொல்லப் புகுந்தேன். பீரங்கிகள் கேட்காவிட்டால் போகட்டும், நீங்கள் கேளுங்கள்.

ஆண்டு ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டு. அதுகாறும் அத்துறையில் ஆறும் குளமும் ஆடவர்க்கே உரியன. அரிவையர்க்கு வாய்த்ததோ நூலகமும் மின்விசிறியும் அடுத்தவன் அள்ளிவந்த தண்ணீருக்கு அட்டவணை போடும் பாக்கியமும். இவ்வநீதி கண்டு உள்ளங்கொதித்தார் துறைத்தலைவர் அருள்நாதன். தங்கமான மனிதர், ஒருவரை ஒதுக்கிவைத்தால் அவருக்குச் சோறு இறங்காது. பீர் முகமது கடைக்குத் தாமே சென்று ஐந்து ஜோடி ரப்பர் பூட்ஸ் வாங்கிவந்து மேசைமேல் அணிவகுத்து நிறுத்தி, முரசென முழங்கினார்.

“இனிமே இந்த டிபார்ட்மெண்ட்ல ஆம்பளை பொம்பளைன்னு வித்தியாசம் கிடையாது. எல்லாருக்கும் ஒரே பூட்ஸ். அதை மாட்டாம ஒருத்தரும் தண்ணியில கால் வைக்கக் கூடாது. எந்தக் குளத்துல யாரு சாம்பிள் அள்ளுறாங்களோ அவுங்களுக்குத்தான் அந்தக் குளம்.”

சமத்துவத்தில் இம்மியும் குறையலாகாதென்று ஐந்தையும் பத்தாம் நம்பராகவே வாங்கியிருந்தார் அந்த உத்தமர். பெரியதற்குள் சிறியது தானே அடங்கிவிடும் என்பது அவர் கணக்கு. அந்த வகுப்பில் பத்தாம் நம்பர் கால் சார்லஸ் ஒருவனுக்குத்தான் இருந்தது.

முதற்குளமோ, தோல் பதனிடும் ஷாப்புக் கழிவெல்லாம் குடியேறிய கருங்கடல். அதன் கரையோரத் தெருவில்தான் நர்கீஸின் வீடு. அங்கே கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது. அடுப்படியில் அம்மா அலுத்துக்கொள்ளாத நாள் இல்லை. ஏன் வேகவில்லை என்று தன் கையால் அளந்து பார்த்துவிடும் வைராக்கியத்தில்தான் அவள் இந்தப் படிப்பிலேயே சேர்ந்தாள். அள்ளினால் குளம் அவளுக்கு, ஆய்வேடும் அவளுக்கு. தவறினால் இரண்டும் சார்லஸுக்கு. ரெட்டியார்சத்திரத்து ஏஞ்சலின் முன்னமே முயன்று, பூட்ஸ் ஒரு பக்கமும் தான் ஒரு பக்கமும் போனதைக் கண்டு, நூலகச் சாவியை வாங்கிக்கொண்டு வந்து கரையில் நின்றாள்.

பூண்டாள் நர்கீஸ் போர்க்கோலம்! துப்பட்டாவை இடையில் வரிந்து கட்டினாள். வலப் பூட்ஸில் பழைய தினசரியின் தேர்தல் செய்தி முழுவதையும் இடப் பூட்ஸில் விளையாட்டுப் பக்கத்தையும் திணித்தாள். அதுவும் போதாதென்று இருவர் டிபன்பாக்ஸ் சுற்றிய துணியையும் திணித்தாள். திணித்து, நிமிர்ந்து, எருமைகள் திகைக்க, நாரைகள் சிதற, டொப் டொப்பென்று நிலமதிர நடந்து, கருங்கடலுட் புகுந்து, நடுக்களத்தை அவள் நெருங்கிய அக்கணத்திலே, சேறென்னும் மாற்றரசன் அவள் இடக்காலைக் கவ்வினான். இழுத்தாள். கால் வந்தது, பூட்ஸ் வரவில்லை.

வெறுங்காலைக் கீழே வைத்தால் விதிமீறலாகும்; விதி மீறினால் குளம் போகும். கொக்குப்போல் ஒற்றைக்காலில் நின்றாள். இறங்கட்டுமா என்று சார்லஸ் கேட்டான்; பாவம், உதவத்தான் கேட்டான். அவளோ திரும்பாமலே பிரகடனம் செய்தாள்.

“யாரும் இறங்காதீங்க. என் காலு இன்னும் தண்ணியில படல.”

ஆனால் அருள்நாதனின் அருளுள்ளம் கேட்குமா? தாமும் ஒரு ஜோடியை மாட்டிக்கொண்டு பாய்ந்தார். அவருடைய பாதம் ஆறாம் நம்பர் என்பது அதுவரை உலகறியாத ரகசியம். பூட்ஸ் இரண்டும் நின்றுவிட்டன, பேராசிரியர் நிற்கவில்லை. ஆலமரம் சாய்ந்தாற்போல் அவர் அமர்ந்த அமர்வில் எழுந்தது ஒரு பேரலை. அடிச்சேற்றை வாரிக்கொண்டு நர்கீஸை நோக்கி வந்தது. அது வந்து கலக்கிய நீர் ஆய்வுக்கு உதவாது. ஐயோ, இனி எப்படி அள்ளுவாள்! குனிந்தாள், இன்னும் கலங்காத நீரில் பாட்டிலை அமிழ்த்தினாள், நிறைத்தாள், திருகி மூடினாள். மூடிய பிறகே அலை வந்தது. பெண் விழுந்தாள்; பாட்டில் பிடித்த கை மட்டும் வெற்றிக்கொடியாய் மேலே நின்றது.

சேற்றரியணையில் வீற்றிருந்தபடி தீர்ப்புரைத்தார் அருள்நாதன்.

“சாம்பிள் ஒன்னோடதும்மா. குளமும் ஒன்னோடது. மொதல்ல என்னையத் தூக்கிவிடு.”

ஏஞ்சலின் நூலகச் சாவியைச் சார்லஸ் கையில் திணித்துவிட்டு, துப்பட்டாவை வீசி இருவரையும் கரையேற்றினாள். ஏற்றிய கையோடு, அடுத்த குளம் எனக்கு என்று சாரிடம் சொல்லியும் வைத்தாள். கருஞ்சேறு பூசிய சான்றோர் தம் சின்னஞ்சிறு பாதங்களை வெகுநேரம் உற்று நோக்கினார்; அந்நோக்கில் ஒரு யுகம் முடிந்து மறுயுகம் பிறந்தது.

மறுநாள் அவர் கடைக்குப் போய்க் கேட்டபோது, “நாலாம் நம்பர் எப்பவும் இருக்கு சார், நீங்கதான் கேக்கல” என்று சொல்லி பீர் முகமது இரண்டு ஜோடி எடுத்துக் கொடுத்தார்.