சங்குமுனை ஐஸ் பெக்டரி மரபுரிமையான வரலாறு

ஒரு நாடு முன்னேறிவிட்டதா இல்லையா என்று அறிய அதன் பாலங்களையோ பல்கலைக்கழகங்களையோ பார்க்க வேண்டியதில்லை. அது தன் பழுதான இயந்திரங்களுக்கு என்ன மரியாதை செய்கிறது என்று பார்த்தால் போதும். பழுதானதைத் திருத்தி வேலை வாங்குகிற நாடு பின்தங்கிய நாடு. பழுதானதற்கு வர்ணம் பூசி, சுற்றிவரக் கயிறு கட்டி, வாசலில் நுழைவுச்சீட்டுக் கொடுக்கிற நாடு முன்னேறிய நாடு. இந்த வகையில் திருகோணமலைக் குடாவின் ஓரத்தில் இருக்கும் எங்கள் சங்குமுனை உலகத்தின் எந்தத் துறைமுகத்துக்கும் சளைத்ததல்ல. அந்த முன்னேற்றத்துக்குப் பொறுப்பாயிருந்த உத்தியோகத்தர் நான்தான். தற்பெருமை எனக்குப் பிடிக்காது. ஆனால் உண்மையை மறைப்பதும் அரச ஊழியனுக்கு அழகல்ல.

என் பெயர் அஞ்சலோ. பதவி: "உல்லாசப் பயணம், கைத்தொழில் மரபுரிமை மற்றும் உற்சாகப் பொழுதுபோக்கு இணைப்பு உத்தியோகத்தர்". பெயர்ப்பலகை மேசையில் கொள்ளவில்லை. பலகையைச் சுருக்குவது பதவியைச் சுருக்குவதாகும் என்பதால் பெரிய மேசையாகத் தந்தார்கள்.

சங்குமுனை இறங்குதுறைக்குப் பக்கத்தில் ஓர் ஐஸ் பெக்டரி இருந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் கப்பல்காரருக்கென்று கட்டியது. பிறகு பல காலம் எங்கள் மீன்பிடிச் சனத்துக்கு ஐஸ் கொடுத்து, ஒரு நாள் நின்றுபோனது. திருத்தித் தரும்படி சனம் மனுக் கொடுத்தது. "திருத்த வேலைக்கு நிதி இல்லை" என்று மேலிடம் மரியாதையாகப் பதில் போட்டது. இப்படி மனுவும் மரியாதையும் மாறி மாறிப் போய்க்கொண்டிருக்க, மூதூரிலிருந்து அலியார் நானாவின் லொறியில்தான் ஐஸ் வந்தது. வந்து சேரும்போது பாதி தண்ணீர். வெயிலில் கிடந்து பதம் கெட்ட மீனைக் கருவாட்டுக்காரர் கேட்ட விலைக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று.

ஒரு நாள் மாகிரட் அக்கா என் பணிமனைக்கு வந்தார். எங்கள் வீடு இருக்கும் ஒழுங்கையிலேயே குடியிருப்பவர். புருஷன் யேசுரட்ணம் அண்ணர் போட்டில் பிடித்து வருகிற மீனை விற்பது இவர்தான்.

"தம்பி, இந்தச் சீசனும் ஐஸ் இல்லாட்டி மனிசன் போட்டை வித்துப்போட்டுக் கட்டாருக்கு வேலைக்குப் போறன் எண்டு நிக்கிறார். கடலைத் தவிர வேற ஒண்டும் தெரியாத மனிசன். உங்களாலை ஏதும் செய்ய ஏலாதோ?"

எனக்கு நெஞ்சு கரைந்தது. கரைந்த நெஞ்சோடு சுற்றுநிருபங்களைப் புரட்டினேன். அதில்தான் கைத்தொழில் மரபுரிமையைப் பேணும் புதிய உதவித் திட்டத்தைக் கண்டேன். இயந்திரம் பழையதாக இருக்க வேண்டும், ஓடாமல் இருக்க வேண்டும். எங்கள் இயந்திரம் இரண்டிலும் திறமைச் சித்தி. திருத்துவதற்கு நிதியில்லாத அதே இயந்திரத்துக்கு, திருத்தாமல் வைத்திருப்பதற்கு வேண்டியளவு நிதி இருந்தது. உடனே விண்ணப்பித்தேன். உடனே கிடைத்தது.

"அக்கா, நல்ல செய்தி. உங்கட பெக்டரி இனி மரபுரிமை."

"அப்ப ஐஸ் வருமோ?"

"ஆக்கள் வருவினம்."

"ஆக்களைப் போட்டு மீனைப் பழுதாகாமல் வைக்க ஏலாதே தம்பி."

சாதாரண மக்களிடம் தொலைநோக்கை எதிர்பார்க்கக் கூடாது. நான் மன்னித்துவிட்டேன்.

திட்டத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. வருகை தருவோர் "இயந்திரத்தின் மூல ஒலியைக் கேட்டு இன்புறல் வேண்டும்". ஒலிபெருக்கியில் போடலாமே என்று கேட்டேன். கூடாதாம். அசல் இயந்திரம் அசல் சத்தம் போட வேண்டுமாம். ஆனால் அதைத் திருத்தம் என்று சொல்லக் கூடாது. "ஒலி மீட்பு" என்று சொல்லலாம். ஒலி மீட்பு ஒப்பந்தம் கிண்ணியாவைச் சேர்ந்த றிப்திக்குக் கிடைத்தது. அவர் மோட்டாரை மாற்றினார், குழாய்களை மாற்றினார், வாயு நிரப்பினார். இவ்வளவும் எதற்கென்று கேட்டேன்.

"எல்லாத்தையும் ஒழுங்காப் பூட்டினாத்தான் சேர் சத்தம் ஒழுங்கா வரும்."

தொழில்நுட்ப விடயங்களில் நான் தலையிடுவதில்லை. விளங்காத இடத்தில் கையெழுத்திடுவது என் வழக்கம்.

ஒலி மீட்கப்பட்ட மறுநாள் காலை றிப்தி ஓடிவந்தார். முகம் வெளிறிப் போயிருந்தது.

"சேர், ஒரு பிழை நடந்திட்டு."

"சத்தம் நிண்டிட்டுதோ?"

"சத்தம் நல்லா இரிக்கி. ஆனா ஐஸ் வந்திட்டு."

"எவ்வளவு?"

"ஐஸ் அச்செல்லாம் நிறைஞ்சி இரிக்கி சேர்."

"உடனே நிப்பாட்டுங்கோ!"

"நிப்பாட்டினா சத்தமும் நிண்டிரும். நாளைக்குத் திறப்பு விழா."

தலைமைப் பணிமனை உதவிப் பணிப்பாளர் ஸஹாப்தீன் அவர்களுக்குத் தொலைபேசி எடுத்தேன். நெருக்கடியான நேரங்களில் நிதானம் இழக்காத பெரிய மனிதர்.

"அஞ்சலோ, திட்டத்தில ஐஸ் இருக்கா?"

"இல்லை சேர்."

"அப்ப அது ஐஸ் இல்லை."

"கையில குளிருதே சேர்."

"அது எதிர்பாராத உப விளைபொருள். அரச சொத்து. கவனமாக் கையாளுங்க."

கவனமாகக் கையாள்வது எப்படி என்று விதிகளைப் பார்த்தேன். விற்கக் கூடாது, நாம் வியாபார நிலையமல்ல. இலவசமாகக் கொடுக்கக் கூடாது, கணக்காய்வு கேள்வி கேட்கும். வீசுவதென்றால் அகற்றல் குழு கூடிப் பார்வையிட்டு ஒப்புதல் தர வேண்டும். குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறை கூடும். ஐஸ் கூட்டத் திகதி வரை காத்திருக்கவில்லை. ஆகவே தினமும் காலையில் கட்டிகளை வாய்க்காலில் தள்ளி, அவை தாமாகவே உருகிக் கடலில் சேர வழிசெய்தோம். தாமாக உருகினால் யாரும் பொறுப்பல்ல.

வேலிக்கு வெளியே மாகிரட் அக்கா ஐஸ் போட்டு மீன் வைக்கிற றெஜிபோம் பெட்டியை வெறுமையாக வைத்துக்கொண்டு நின்று இதைப் பார்த்தார்.

"தம்பி, கடலுக்கு ஐஸ் போடுறியள். மீன் உயிரோட இருக்கேக்க ஐஸ் என்னத்துக்கு? செத்தாப்பிறகெல்லோ தரோணும்!"

அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கும் மனச்சாட்சி உண்டு. விடுமுறை நாட்களில் அது நன்றாக வேலை செய்யும். அந்தச் சனிக்கிழமைதான் அந்த அபார யோசனை வந்தது. என் பதவியின் கடைசிப் பகுதியான "உற்சாகப் பொழுதுபோக்கு" இதுவரை சும்மா கிடந்தது. அதன் கீழ் ஒரு நிகழ்ச்சியை ஆரம்பித்தேன்: "பனிக்கட்டி சுமந்து பரவசமடைவோம்!" நுழைவுச்சீட்டு வாங்குகிறவர் ஓர் ஐஸ் கட்டியைத் தூக்கி, இறங்குதுறை வரை நடந்து உடற்பயிற்சி பெறலாம். இறங்குதுறையில் அந்தக் கட்டிக்கு என்ன நடக்கிறது என்பது எங்கள் எல்லைக்கு வெளியே. அதுபற்றி விதிகளில் ஒரு சொல்லும் இல்லை.

முதல் சீட்டை வாங்கியவர் மாகிரட் அக்கா. அடுத்த நாள் ஊரே வந்தது. எல்லோருக்கும் போட்டுக்கொள்ளத் திட்டத்தின் மஞ்சள் ரீசேட் கொடுத்தோம். இரண்டு ஜேர்மன்காரரும் வந்தார்கள். கட்டியைத் தூக்க ஏலாமல் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். அலியார் நானாவின் லொறி ஐஸ் கொண்டுவருவதை விட்டு மீன் கொண்டுபோகத் தொடங்கியது. யேசுரட்ணம் அண்ணர் கட்டார்க் கதையை விட்டுவிட்டுக் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார். சொன்னால் என்ன, எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. உத்தியோகத்துக்கு வந்த பிறகு நான் செய்த ஒரு வேலையால் யாருக்காவது பயன் கிடைத்தது அதுதான் முதல் தடவை.

அங்கேதான் கணக்குப் பிழைத்தது. எங்கள் புள்ளிவிபரங்களைப் பார்த்து மேலிடம் மலைத்துப்போனது. தீவிலேயே இவ்வளவு உற்சாகமான பொதுமக்கள் வேறெங்கும் இல்லையாம். உற்சாகத்தை நேரில் பார்க்க ஸஹாப்தீன் அவர்களே வருகிறார் என்று அறிவித்தல் வந்தது.

நான் அக்காவைக் கூப்பிட்டுப் பயிற்சி கொடுத்தேன்.

"தூக்கேக்க சிரிக்கோணும் அக்கா. ஏன் தூக்குறியள் எண்டு கேட்டால் சும்மா எண்டு சொல்லுங்கோ."

"சும்மா ஆரும் ஐஸ் தூக்குவினமோ?"

"வெளிநாட்டில தூக்குவினம்."

"அதுகள் பாவம், வேற வேலை இல்லாததுகள்."

ஸஹாப்தீன் அவர்கள் வெள்ளை விளையாட்டுச் சப்பாத்தோடு வந்து இறங்கினார். மாகிரட் அக்கா தோளில் சாக்கும், சாக்கின் மேல் கட்டியும், முகத்தில் நான் சொல்லிக்கொடுத்த சிரிப்புமாக எதிரே வந்தார்.

"அம்மா, சந்தோஷமா இருக்கா?"

"பரவசமா இருக்கு ஐயா."

"எதுக்காகத் தூக்குறீங்க?"

"சும்மா."

உதவிப் பணிப்பாளரின் கண் கலங்கியது. "அப்ப அதை இறக்கி வைங்க. இப்படி இருங்க. ஒரு தேத்தண்ணி குடிச்சிக்கொண்டு கதைப்பம்."

அக்கா என்னைப் பார்த்தார். நான் கண்ணைக் காட்டினேன். கட்டியை இறக்கிவிட்டுக் கதிரையில் அமர்ந்தார். இறங்குதுறையில் யேசுரட்ணம் அண்ணரின் போட் அப்போதுதான் வந்திருந்தது. கும்பளா மீன் குவியலாக வெயிலில் கிடந்தது. இங்கே கட்டியிலிருந்து தண்ணீர் ஓடி உதவிப் பணிப்பாளரின் சப்பாத்தடிக்கு வந்துவிட்டது. அவர் எங்கள் மக்களின் மகிழ்ச்சியைப் பற்றி நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தார். பேசி முடித்து இன்னொரு தேத்தண்ணிக்குச் சொன்னார்.

அக்கா எழும்பிவிட்டார்.

"ஐயா, நீங்கள் குடியுங்கோ. எனக்கு மீன் பழுதாகுது!"

கட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஓடினார். திட்டத்தின் வரலாற்றிலேயே அவ்வளவு உற்சாகமான பொழுதுபோக்கை நான் கண்டதில்லை. ஆனால் உதவிப் பணிப்பாளர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

"அஞ்சலோ, பொழுதுபோக்கு எண்டா தேவையில்லாமச் செய்றது. அந்த அம்மாவுக்குத் தேவை இருக்கு. தேவை இருந்தா அது தொழில். தொழிலுக்கு எங்கட திட்டத்தில உதவி இல்லை. அவங்களை உங்களுக்குத் தெரியுமா?"

சிறுவயதில் எத்தனையோ நாள் அந்த வீட்டுக் குசினியில் மீன்குழம்பும் பாணும் சாப்பிட்டவன் நான். அடுத்த கிழமை எனக்குப் பதவி உயர்வுக்கான நேர்முகம். அரச ஊழியனிடம் இருக்க வேண்டிய பக்கச்சார்பின்மை எனக்குள் பொங்கி எழுந்தது.

"இப்பத்தான் முதல் தரம் பார்க்கிறன் சேர்."

யேசுவைத் தெரியாதென்று இராயப்பருக்கு மூன்று தடவை மறுதலிக்க வேண்டியிருந்தது. நான் ஒரே தடவையில் முடித்தேன். அரச சேவையில் இப்போது வினைத்திறனுக்குத்தான் முதலிடம்.

அன்றே புதிய விதி வந்தது. ஐஸ் தேவைப்படுகிற எவருக்கும் ஐஸ் சுமக்க அனுமதி இல்லை. ஐஸ் தேவைப்படாதவர்கள் எவரும் சுமக்க வரவில்லை. இயந்திரம் அசல் சத்தத்தோடு தினமும் ஓடியது, கட்டிகள் பழையபடி வாய்க்காலில் உருகின. எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது. யேசுரட்ணம் அண்ணர் போட்டை விலைகூறினார். வாங்க ஆளில்லை. ஐஸ் இல்லாத ஊரில் போட் வாங்க யாருக்குத் தலையெழுத்து?

கடைசியில் நாங்களே வாங்கினோம். பழைய போட், இனி ஓடாது. அதாவது, மரபுரிமை. அண்ணர் கட்டாருக்கு ஏறினார். அவருடைய போட்டுக்கு நீல வர்ணம் பூசி, இயந்திரத்துக்குப் பக்கத்தில் வைத்து, சுற்றிவரக் கயிறு கட்டினோம். காட்சிப் பொருள் ஒவ்வொன்றுக்கும் மும்மொழியில் ஒரு பலகை எழுத வேண்டும்: பெயர், பயன்பாடு, பயன்பாடு நின்ற காரணம். மூன்றாவதற்கு நான் நெடுநேரம் யோசித்து, தலைமைப் பணிமனை அனுமதித்த சொற்களில் ஒன்றைத் தெரிந்தெடுத்தேன்: "கால மாற்றம்".

போன கிழமை மாகிரட் அக்கா வந்தார். இப்போது அவருக்கு மீனும் இல்லை, ஐஸ் தேவையும் இல்லை. ஆகவே விதிப்படி முழுத் தகுதியுள்ள விருந்தினர். நானே எழுந்து போய்ச் சீட்டுக் கிழித்துக் கொடுத்து வரவேற்றேன். கயிற்றுக்கு மேலால் கையை நீட்டிப் போட்டின் விளிம்பைக் கொஞ்ச நேரம் தடவினார். தொடக் கூடாது என்று விதி. அவருக்காக அன்று மட்டும் அந்த விதியைப் பார்க்காமல் விட்டேன். என் பெருந்தன்மைக்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

பிறகு பலகையை எழுத்துக் கூட்டி வாசித்தார். "பயன்பாடு நின்ற காரணம்" என்ற கடைசி வரியை இரண்டாம் தரமும் வாசித்தார். திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கால மாற்றமோ?" என்றார். "ஞானஸ்நானத்தில உங்களுக்கு அஞ்சலோ எண்டெல்லோ தம்பி பேர் வைச்சது!"