கள ஆய்வில் கிடைத்த கெண்டை

மனிதகுலம் மீன் பிடிக்கத் தொடங்கிப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகியிருக்கும். ஆனால் பசிக்காகவும் இல்லாமல், பொழுதுபோக்காகவும் இல்லாமல், மேலதிகாரியின் எழுத்துமூல உத்தரவின் பேரில், கோப்பு எண் குறிப்பிட்டு மீன் பிடித்த முதல் மனிதர் என்ற பெருமை நதிநலத் துறையின் உதவி இயக்குநரையே சேரும். வரலாறு அவரைக் கவனிக்கத் தவறிவிட்டது. அந்தக் குறையை இங்கே போக்கிவிடலாம்.

நதியின் நலத்தை அவர் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் காத்து வந்தார். மூன்றாம் மாடியில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டிப் போட்ட மேஜையில் உட்கார்ந்து காத்தார். ஜன்னலைத் திறந்தால் நதி தெரியும் என்று அலுவலகத்தில் ஒரு பேச்சு உண்டு. குறுக்கே பீரோ நின்றதால் யாரும் சரிபார்த்ததில்லை. மாதம் ஒருமுறை நீர்த்தரப் படிவம் வரும். 'திருப்தி' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். திருப்தி யாருக்கு என்று எழுத அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

இந்த நிம்மதியைக் கெடுக்க ஒரு மனு வந்தது. ஆற்றில் படகு வைத்துப் பிழைக்கும் நாற்பது குடும்பங்களின் சார்பில் ஒரு பெண் எழுதியிருந்தார். மேலே சாயத் தொழிற்சாலை குழாய் விட்டதிலிருந்து ஆற்றில் மீனே இல்லை, குழாயை மூடுங்கள் என்பதுதான் விஷயம். முதல் மனுவுக்கு 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் போனது. அடுத்ததற்கு 'தீவிரப் பரிசீலனை'. பதினாறாவது மனு வந்தபோது பரிசீலனைக்கு முன்னால் போட அடைமொழி தீர்ந்துவிட்டது. உதவி இயக்குநர் சொந்தமாக ஒரு வரி எழுதினார்: "மீன் உள்ளது. பிடிக்கும் முறையில் குறைபாடு இருக்கலாம்."

இயக்குநருக்கு அந்த வரி மிகவும் பிடித்துப்போனது. அதை நிரூபித்துவிட்டால் மனுக்களுக்கு ஒரேயடியாக முடிவு கட்டிவிடலாம் என்று அவருக்குத் தோன்றியது. ஆலோசனைக் கூட்டம் இரண்டு மணி நேரம் நடந்தது. பிஸ்கட் இரண்டு முறை வந்தது. மீன் பிடிக்கத் தெரிந்தவரை அனுப்பினால் அது 'திறமையால் கிடைத்த மீன்' ஆகிவிடும், நாளைக்கு வழக்கில் நிற்காது என்று சட்டப் பிரிவுக்காரர் எச்சரித்தார். ஒன்றுமே தெரியாதவர் பிடித்தால்தான் அது 'நடுநிலையான மீன்'. எல்லோரும் ஒரே பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

"எனக்குத் தண்ணின்னாலே பயம் சார்," என்றார் உதவி இயக்குநர்.

"அதான் உங்க தகுதி," என்றார் இயக்குநர்.

பதினைந்து நாள் கள ஆய்வுக்கு ஆணை பிறந்தது. வீட்டில் செய்தி கேட்ட மனைவி, தொப்பி மறக்காதீங்க என்பதோடு நிறுத்திக்கொண்டாள். மைத்துனர்தான் பொறுப்பைத் தலையில் போட்டுக்கொண்டார். வாளித் தண்ணீரைத் தாண்டி எந்த நீர்நிலையிலும் இறங்காத அவர், கைப்பேசியில் மீன்பிடிப் படங்கள் பார்த்தே நிபுணர் ஆனவர். தூண்டில் விற்கும் கடைக்கும் அவரே அழைத்துப் போனார். பெரிய ஆறா, சின்ன ஆறா என்று கடைக்காரர் கேட்டார்.

"அரசாங்க ஆறு," என்றார் உதவி இயக்குநர்.

கடைக்காரர் அதற்கு மேல் ஒன்றும் கேட்காமல், கடையில் நெடுநாளாக விற்காமல் கிடந்ததையெல்லாம் எடுத்துக் கொடுத்தார்.

முதல் நாள் உதவி இயக்குநர் கரையில் போய் நின்றார். இத்தனை வருடம் கோப்புக்குள் மடங்கிக் கிடந்த ஆறு, மடிப்புக் கலைந்து, அக்கரை மனிதர்கள் எறும்பாகத் தெரியும் அகலத்துக்குப் படுத்திருந்தது. பெரிய ஆற்றில் பெரிய மீன் நடுவில்தானே இருக்கும் என்று நடு ஆற்றைக் குறிவைத்து வீசினார். தூண்டில் முள் அவருடைய தொப்பியைப் பிடித்தது. மறுநாள் சட்டைக் காலரைப் பிடித்தது. நாட்குறிப்பில் 'முள்ளின் கூர்மை திருப்தி' என்று பதிந்தார். ஆறு நாளில் ஒரு செருப்பும் இரண்டு பிளாஸ்டிக் பைகளும் அகப்பட்டன. மாலையில் வீடு திரும்பினால் மைத்துனர் வாசலிலேயே நின்று, "குழம்புக்கு இன்னிக்குச் செருப்பா மாமா?" என்று விசாரிப்பார்.

ஏழாம் நாள் ஒரு படகு பக்கத்தில் வந்து நின்றது. ஓட்டி வந்த பெண்ணுக்கு அவர் வயதுதான் இருக்கும். கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தவர், பொறுக்க முடியாமல் கரையேறி வந்தார்.

"நடு ஆத்துல எதுக்கு சார் வீசுறீங்க? அந்த இழுப்புல நாள் முழுக்க நின்னா மீனுக்கும் கால் வலிக்கும்ல. பாறைக்குப் பின்னாடி, தண்ணி தளர்ற இடத்துல போடுங்க."

"அங்க மீன் இருக்கா?"

"இருந்துச்சு. பழக்கத்துல சொல்றேன்."

அன்றிலிருந்து பாடம் தொடங்கியது. ஓட்டத்துக்கு எதிர்ப்பக்கம் வீசி இரையைத் தானாக மிதந்து வரவிட வேண்டும். ஈயக்குண்டு அதிகமானால் இரை சேற்றில் புதையும், குறைந்தால் அடித்துக்கொண்டு போகும். தக்கை ஆடியதும் இழுக்கக் கூடாது, அமிழ்ந்ததும் இழுக்க வேண்டும். உதவி இயக்குநரின் கைகள் ஆச்சரியமாக இதையெல்லாம் கற்றுக்கொண்டன. பத்தாம் நாள், பாறைக்குப் பின்னால் சொன்ன இடத்தில் சொன்னபடி தக்கை போய் விழுந்தபோது, முதல் சம்பளம் வாங்கிய அன்றுகூட இல்லாத ஒரு சந்தோஷம் அவருக்கு வந்தது. தக்கைதான் ஆடவே இல்லை. தண்ணீர் மட்டும் அன்று சிவப்பாக ஓடியது. 'தெளிந்த சிவப்பு' என்று குறித்துக்கொண்டார்.

வீட்டில் தான் படும் பாட்டை அவர் அந்தப் பெண்ணிடம் சொன்னார். அவரும் சிரித்துவிட்டு, என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார். எழுத்து வேலை என்றார் இவர்.

"நானும் எழுதுறேன் சார். ஆபீசுக்கு மனு. பதினாறு போட்டாச்சு."

"பதில் வந்துச்சா?"

"வந்துச்சு. எனக்கு மீன் பிடிக்கத் தெரியலையாம்."

சொல்லிவிட்டு அவர் விழுந்து விழுந்து சிரித்தார். உதவி இயக்குநர் தக்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் அதை எழுதினேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. ஆனால் கள ஆய்வின்போது மனுதாரருடன் விவாதிக்க விதியில் இடமில்லை என்பது நல்ல வேளையாக நினைவுக்கு வந்தது.

பதினைந்தாம் நாள் காலை இயக்குநர் போனில் அழைத்தார். கரைமேல் ஏறினால்தான் குரல் கேட்கும். கம்பைக் கல்லிடுக்கில் செருகிவிட்டு, ஆற்றுக்கு முதுகைக் காட்டி நின்று பேசினார். ஒரு மீன், ஒரே ஒரு மீன் போதும் என்றார் இயக்குநர். திரும்பி வந்தபோது தக்கையைக் காணோம். பதறிப்போய் இழுத்தார். முழங்கை நீளக் கெண்டை ஒன்று வந்தது. துள்ளவில்லை, வாலைக்கூட அசைக்கவில்லை. முள் அதன் வாயில் ஊசியில் நூல் கோத்த மாதிரி ஒழுங்காக மாட்டியிருந்தது. கையில் எடுத்தார். சில்லென்றிருந்தது. செவுளுக்குள் கடுகளவு ஐஸ் துணுக்கு ஒன்று இன்னும் கரையாமல் மின்னியது.

பெண் படகில் ஏறிக்கொண்டிருந்தார். சந்தைப் பை ஒன்று காலடியில் காலியாகக் கிடந்தது.

"பதினஞ்சு நாளா உக்காந்திருக்கீங்க. வெறுங்கையோட போவாதீங்க சார்," என்று சொல்லிவிட்டுத் துடுப்பைப் போட்டார்.

அன்று பிற்பகல் முழுவதும் உதவி இயக்குநர் படிவத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தார். 'மீனின் நிலை' என்ற கட்டத்தில் பேனாவை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தார். மனச்சாட்சி உள்ளவர் என்பதால் ஐந்து மணி வரை தயங்கினார். ஐந்து மணிக்கு அலுவலகம் மூடிவிடும். எழுதினார்: 'முன் அனுபவமில்லாத அலுவலரால் கெண்டை ஒன்று பிடிக்கப்பட்டது. ஆற்றில் மீன் இருப்பது உறுதியாகிறது. மனுக்கள் தள்ளுபடி செய்யப்படுகின்றன.'

துறை அதோடு நிற்கவில்லை. நாற்பது குடும்பங்களுக்கும் 'தொடக்கநிலை மீன்பிடிப் பயிற்சி முகாம்' ஒன்றைக் கரையிலேயே நடத்தியது. பயிற்றுநர் உதவி இயக்குநர். பந்தலில் முதல் வரிசையில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தார். மேடையில் யார் என்று பார்த்த பிறகு அவர் முகத்தில் கோபம்கூட வரவில்லை. ஒரு மணி நேரப் பாடத்தையும் உட்கார்ந்து கேட்டார். சந்தேகம் இருந்தால் கேட்கலாம் என்றதும் எழுந்தார்.

"அந்த மீனைத் தொட்டீங்களே சார், எப்படி இருந்துச்சு?"

உதவி இயக்குநர் ஒலிபெருக்கியைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். "சில்லுனு இருந்துச்சு."

"அப்ப தெரிஞ்சுதான் எழுதினீங்க."

இதற்குப் பதில் முகாமின் நடவடிக்கைக் குறிப்பில் இருக்கிறது, உதவி இயக்குநரின் கையெழுத்திலேயே: 'மீனின் குளிர்ச்சி குறித்து மனுதாரர் மனநிறைவு தெரிவித்தார். அது ஆற்று நீரின் தூய்மைக்குச் சான்று.'

அவருக்கு மீன் பிடிக்கத் தெரியாது என்று இனி யாரும் சொல்ல முடியாது. ஒரே ஒரு கெண்டையை இரையாக வைத்து, நாற்பது குடும்பங்களைப் பிடித்தவர் அவர்.